சேலத்தில் திணறி, ஏற்காட்டில் சீராகும் பத்மினி

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1987-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார், கடந்த ஓராண்டாகச் சேலத்துக்குள் எடுத்துச் சென்ற போதெல்லாம் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஸ்லோ, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும். பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கிளம்பும். அதே வண்டி, அடிவாரத்தைத் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஒண்டிக்கடையில் போய் நின்றால், தையல் மெஷின் மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். மலைக்காற்று வண்டிக்கும் ஒத்துக்கொள்கிறது என்று வீட்டில் கேலி செய்தார்கள். யோசித்துப் பார்த்ததில் அந்தக் கேலியில்தான் விடை இருந்தது.

காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், அந்தக் காற்றை எடை போட்டு அளப்பதில்லை. குறுகலான கழுத்து வழியாகக் காற்று பாயும்போது உண்டாகும் உறிஞ்சலின் அளவுக்கு ஏற்ப, ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியே பெட்ரோல் மேலே வருகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே குளிர்ச்சி இருந்தாலும் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. பெட்ரோலோ அந்த விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே சேலத்தில் சரியாக வைத்த கலவை, மலையேறியதும் தோராயமாக ஐந்தாறு சதவீதம் ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும். முறைப்படி பார்த்தால், ஏற்காட்டில்தான் என் வண்டி புகை தள்ளித் திணற வேண்டும். அங்கே அது சீராக ஓடுகிறது என்றால், கீழே கலவை ஏற்கெனவே லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருந்திருக்கிறது; மலை அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கிறது.

ஏன் லீன் ஆனது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டுக்குள் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு இருபது சதவீதத்தை எட்டிவிட்டது. ஒரு கிலோ தூய பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருவதால், இருபது சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். கணினி வைத்த புதிய வண்டிகள் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியைப் பார்த்துத் தாமே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். தூய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டுகளோடு நிற்கும் பத்மினியால் அது முடியாது. அதன் கலவை எட்டு சதவீதம் அளவுக்கு லீன் ஆகிவிடுகிறது. மலை ஐந்தாறு சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்ற கணக்கு ஏறக்குறைய நேராவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இதற்கு முன் இரண்டு பணிமனைகளில் புது கார்புரேட்டர் போட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்துவரும் செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். தள்ளாடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று உயர்ந்து ஒரே சீராக நின்றது. கையை எடுத்தார், மறுபடி தள்ளாடியது. “பாத்தீங்களா தம்பி, வாய மூடுனா நல்லாயிருக்குது. பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கயோ காத்த இழுக்குது” என்றார். நான் ஒரு வாரம் காகிதத்தில் போட்ட கணக்கை அவர் உள்ளங்கையில் முடித்துவிட்டார்.

திருகாணியில் கை வைக்கும் முன் மற்றவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். நானும் இப்போது அப்படித்தான். ஸ்பார்க் பிளக், அதற்குப் பொறியை உண்டாக்கும் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி, பொறி விழும் டைமிங், வால்வுகளைத் திறக்கும் டேப்பட் ஆகியவை சரியில்லாத வண்டியில் கார்புரேட்டரை டியூன் செய்வது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வை போர்த்துவது போன்றது. காற்றுக் கசிவு இன்னும் மோசம். கார்புரேட்டரின் அடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டைச் சுற்றி, இன்ஜின் ஓடும்போது, பிரஷ்ஷால் சோப்பு நீர் தடவினால், கசியும் இடத்தில் நீர் உள்ளே இழுக்கப்பட்டு இன்ஜினின் சத்தம் ஒரு கணம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜின்மீது அந்த வேலை வேண்டாம். என் வண்டியில் கேஸ்கெட் நன்றாக இருந்தது. ஆனால் மிதித்தவுடன் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயஃப்ரம் காய்ந்து விறைத்திருந்தது. பச்சை விழுந்ததும் மூச்சுப் பிடித்ததில் பாதிப் பங்கு அதற்குத்தான். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், அதோடு பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிட்டோம்.

பிறகுதான் டியூனிங். சோலெக்ஸ் கார்புரேட்டரில் கவனிக்க வேண்டியவை இரண்டு திருகாணிகள். ஒன்று, ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுத் தகடான த்ராட்டிலைத் தாங்கி நிற்பது; அது ஸ்லோவின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். இன்னொன்று, ஸ்பிரிங் சுற்றிய கூர்முனை கொண்ட மிக்சர் ஸ்க்ரூ. வெளியே திருகினால் ரிச், உள்ளே திருகினால் லீன். முதலில் இன்ஜினை நிறுத்தி, மிக்சர் ஸ்க்ரூவை இரண்டு விரல்களின் பலத்தோடு மட்டும், அது மெல்ல முட்டும் வரை உள்ளே திருக வேண்டும். அழுத்தி முடுக்கினால் ஊசிமுனையில் வளையம்போல் பள்ளம் விழும். அதன்பின் எந்த டியூனிங்கும் நிற்காது. முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியை ஓட்டி நன்றாகச் சூடேற்றி, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றை மறைக்கும் சோக் முழுவதும் திறந்திருப்பதை உறுதிசெய்த பின் கால் கால் சுற்றாக நகர்த்திக் கேட்க வேண்டும். உள்ளே போகப் போக இன்ஜின் ஓரிடத்தில் தடுமாறும். வெளியே வர வர வேகம் ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் எடுத்தால் மந்தமாகி வாடை அடிக்கும். அந்த உச்சம்தான் வேண்டியது. அங்கே வேகம் ஏறியிருக்குமாதலால் த்ராட்டில் திருகாணியைத் தளர்த்தி ஸ்லோவை இறக்க வேண்டும். இறக்கியதும் உச்சம் சற்று நகர்ந்திருக்கும், மறுபடி தேட வேண்டும். எனக்கு மூன்று முறை ஆனது. இரண்டேகால் சுற்றில் நின்றது.

ஸ்லோ சரியான பிறகும், அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு நோக்கி ஓட்டுகையில் இழுவை போதவில்லை. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெளிறியிருந்தது; ஓட்டத்தில் கலவை இன்னும் லீன் என்பதற்கு அது அடையாளம். மிக்சர் ஸ்க்ரூவின் ஆட்சி ஸ்லோவோடு முடிந்துவிடும், ஓட்டத்தில் பேசுவது மெயின் ஜெட். ஜெட்டின் எண் துளை விட்டத்தைச் சொல்வது: 125 என்றால் 1.25 மில்லிமீட்டர். அதை 130 ஆக்கினால் துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும். எத்தனால் எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அடுத்த அளவு ஜெட்டை மாற்றினோம். ஜெட் அடைத்தால் ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை விட்டுக் குத்துவது நம் ஊர் வழக்கம். ஒவ்வொரு குத்துக்கும் துளை கொஞ்சம் பெருக்கும், பிறகு அதில் எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை. காற்றடித்தாலே போதும், மிஞ்சினால் தூண்டில் நைலான் நரம்பு.

இப்போது பிளக் பீங்கான் வெளிர் பழுப்பாக இருக்கிறது. மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது. ஐந்து ரோட்டில் தலைநிமிர்ந்து நிற்கிறேன். ஆனால் சென்ற ஞாயிறன்று ஏற்காடு ஏறியபோது, எதிர்பார்த்தபடியே, ஒண்டிக்கடையில் வண்டி லேசாக நொண்டியது. பெட்ரோல் வாடையும் வந்தது. பானெட்டைத் திறந்து மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகினேன், அடங்கியது. சேலத்து நிலைக்கு ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மாலையில் இறங்கும் முன் அந்தக் கோட்டுக்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் சாவியைப் போட்டேன்.