கார்பன் வரியும் கொதிகலன் கணக்கும்

வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏற்ப விதிக்கும் கார்பன் வரி வந்தால் தொழில் படுத்துவிடும் என்று புலம்புவதற்கு முன், ஆலைக்கு நீராவி தரும் கொதிகலனின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிகாஜூல் (வெப்ப ஆற்றலின் அலகு) எரிபொருளுக்கு நிலக்கரி ஏறக்குறைய 95 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். இயற்கை எரிவாயு 56 கிலோ. கொதிகலன் திறன் முறையே 80, 90 சதவீதம் என்றால், நீராவியாகக் கைக்கு வரும் ஒவ்வொரு கிகாஜூலுக்கும் அது 119, 62 கிலோ. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. (குழாயில் எரியாமல் கசியும் எரிவாயு, அதாவது மீத்தேன், தனித் தலைவலி.)

கணக்கு சறுக்குவது பில்லில்தான். மேலே சொன்ன எண்கள் நிகரக் கலோரி மதிப்புக்கானவை, அதாவது எரியும்போது உண்டாகும் நீராவியோடு வெளியேறும் வெப்பத்தைக் கழித்த கணக்கு. எரிவாயு பில்லில் அந்த வெப்பத்தைக் கழிக்காத மொத்தக் கலோரி மதிப்பு இருந்து, அதை அப்படியே 56 ஆல் பெருக்கினால் உமிழ்வு சுமார் 10 சதவீதம் கூடிவிடும். வரியும் அந்த அளவுக்குத் தண்டம். முதலில் பில்லில் உள்ள எண்ணை 0.9 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நிலக்கரியில் வாங்கிய டன்னை அல்ல, எரித்த டன்னை எழுத வேண்டும்: ஆரம்ப இருப்பு, கூட்டல் கொள்முதல், கழித்தல் இறுதி இருப்பு. மழையில் நனைந்த கரியை எடைபோட்டால் தண்ணீரும் சேர்ந்தே நிற்கும்; ஈரப்பதச் சோதனை அவசியம்.

வரி எவ்வளவு என்பதைவிட அது எத்தனை நாள் நிற்கும் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. கொதிகலன் 20, 25 ஆண்டுகள் ஓடும். கொள்கை ஒரு தேர்தலில் புரளும். பத்தாண்டு விலைப் பட்டியலை முன்கூட்டியே அறிவித்தால், மாற்றுக் கொதிகலனுக்கான கடனை வங்கியிடம் நியாயப்படுத்த முடியும்.