மே மாதம் கிடையாது

“உங்களுக்கு எவ்வளவு சார் தருகிறார்கள்?” என்று அவன் கேட்டதில் குத்தல் இல்லை. அதனால்தான் மழுப்ப முடியவில்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் ஓர் அதட்டலோடு முடிந்திருக்கும்.

டி.சி. வாங்க வந்தவன். நூலகம், விளையாட்டு எல்லாம் முடிந்து, படிவத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்து மட்டும் பாக்கி. பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே டிப்ளமோ படிக்கப் போகிறானாம். மாதம் 14,000, தங்க இடம், சாப்பாடு. டிகிரியை முடித்துவிட்டுப் போ, குரூப் 4 எழுதலாம் என்றேன். “அதற்குப் பத்தாம் வகுப்பே போதுமே சார்.” அரசு மாதாமாதம் தரும் தமிழ்ப் புதல்வன் பணம் 1,000 ரூபாய் நின்றுவிடும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பிறகுதான் அந்தக் கேள்வி.

மாதம் 25,000 என்றேன். அதோடு நிற்கவில்லை. பதினோரு மாதத்துக்குத்தான், மே மாதம் கிடையாது என்றேன். என்னைப் போன்ற தற்காலிகக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொன்னதையும், 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்து, ஆகஸ்ட் தேர்வு தள்ளிப்போனதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். படிவத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை விரலால் காட்டினான். போட்டேன்.

பொய் சொல்லியிருக்க வேண்டுமா? வரவு செலவு பார்த்து முடிவெடுக்கிற பையனிடம் என் வரவை மட்டும் மறைப்பது என்ன நியாயம்? சுயநலம் என்றும் யாரும் சொல்ல முடியாது. வகுப்பில் தலை குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பது என் வேலைதான். இப்படி வாதாடி, பஸ் ஏறும்வரை நானே ஜெயித்துவிடுகிறேன். ஏறியபின் வேறொன்று குடைகிறது. மே மாதத்தைப் பற்றி அவன் கேட்டானா? கேட்டது ஒரு தொகை. மற்றதெல்லாம் அவனுக்காகச் சொன்னதா, அல்லது காதுகொடுக்க ஓர் ஆள் கிடைத்தது என்று புலம்பினேனா?

துறைத்தலைவருக்குக் கோபம். சேர்க்கை நேரத்தில் ஊர் ஊராகப் போய்த் துண்டறிக்கை கொடுத்துச் சேர்த்த பிள்ளைகள் அல்லவா! “நீங்களே இப்படிப் பேசினால் எவன் நிற்பான்?” என்றார். அவர் நிரந்தரப் பணியில் இருப்பவர். அதே கேள்விக்கு அவர் தன் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை நின்றிருப்பான். படித்தால் இவ்வளவு வரும் என்று நம்பி நின்றிருப்பான். நிரந்தரப் பணிக்கான வரிசையில் எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதை மறுத்து என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் சில மாதங்கள்தானே இருந்தன?