பூமி வித்த காசும் கிரீன் கார்டும்

நியூஜெர்சி எடிசனில் நம்மூர் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, "உங்க பிரையாரிட்டி டேட் என்னங்க?" என்பதுதான். கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி அது. ஈபி-2 என்கிற, வேலை வழியாகக் கிரீன் கார்டு பெறும் வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எச்-1பி வேலை விசாவை நீட்டித்து நீட்டித்து நாம் காலம் தள்ளிவிடலாம். பிள்ளைகளுக்கு 21 வயதானால் நம் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவார்கள். மகள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும் எங்கள் வீட்டில் ஈபி-5 பேச்சு ஆரம்பித்தது.

முதலீடு செய்து கிரீன் கார்டு வாங்க 1990-இல் வந்த விசா அது. பணம் போட வேண்டும், அதனால் 10 பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். முன்பு 5 லட்சம் டாலர் போதும். 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தி, கிராமப்புறம் அல்லது வேலையின்மை மிகுந்த பகுதி என்றால் 8 லட்சம், மற்ற இடங்களில் 10.5 லட்சம் என்றார்கள். கோடீஸ்வரர் சமாச்சாரம் போலத் தோன்றும். எனக்குத் தெரிந்து இதில் இறங்கியவர்கள் எல்லாம் சம்பளக்காரர்கள்தான். இங்கே வீட்டின் மேல் ஒரு கடன், அங்கே ஊரில் ஒரு நிலம்.

எங்களுக்குப் பல்லடம் பக்கம் அப்பா பெயரில் பூமி இருந்தது. பணம் எப்படி வந்தது என்று ஆதியிலிருந்து நிரூபிக்கச் சொல்கிறது குடிவரவுத் துறை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அத்தனைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. வாங்க வந்தவரோ, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். அந்த ரொக்கம் இங்கே செல்லாக்காசு. முழுத் தொகைக்கும் பத்திரம் போட ஒத்துக்கொண்ட ஆள் விலையை நன்றாகக் குறைத்துத்தான் கேட்டார். அப்பாவுக்கு ஆறவே இல்லை. "ஏஞ்சாமி, நம்ம பூமி, நம்ம காசு. அதுக்கு எவனோ ஒரு ஆபீசருக்கு எதுக்குக் கணக்குச் சொல்லோணும்?"

அடுத்தது அனுப்புவது. இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்பலாம். அப்பா மார்ச் கடைசியில் ஒரு தடவை, ஏப்ரல் பிறந்ததும் ஒரு தடவை என்று எனக்கு அன்பளிப்பாக அனுப்பினார். இதற்கென்று ரூபாயில் உள்ள தனி வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்து வைக்கும். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் அதுவரை அந்தப் பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டுமே!

போட்ட பணம் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தரவும் கூடாது; நட்டம் வரக்கூடிய முதலீடாக இருப்பதே நிபந்தனை. வெர்மான்ட் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதி மோசடி 2016-இல் வெளியே வந்தபோது பல நாட்டு முதலீட்டாளர்கள் மாட்டியிருந்தார்கள். நிதிக் கண்காணிப்பும் தணிக்கையும் புதிய சட்டத்தில் ஏறியதற்கு அப்படிப்பட்ட கதைகள்தான் காரணம். 2021 ஜூனில், பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் பிராந்திய மையத் திட்டம் காலாவதியாகி, பணம் கட்டியவர்களின் மனுக்கள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. புதிய சட்டப்படி, 2026 செப்டம்பர் 30-க்குள் மனுப் போட்டவர்களுக்கு, திட்டம் மறுபடி காலாவதியானாலும் பாதுகாப்பு உண்டு.

எங்களுக்கு நிஜமாகவே உதவிய மாற்றம் வேறு. அமெரிக்காவில் இருந்துகொண்டே, வரிசை திறந்திருக்கும் பிரிவில், முதலீட்டு மனுவோடு கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் சேர்த்துப் போடலாம். வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது. வேலை போனால் 60 நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்ற பயம் விட்டது.

திருத்தாமல் விட்டது, எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு விசாக்களில் 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பை. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. மனைவி, பிள்ளைக்கும் அதிலிருந்துதான் கழியும். 2025-இல் பொதுப் பிரிவில் இந்தியர்களின் தேதியை 2019-க்குத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் போட்ட கிராமப்புற ஒதுக்கீட்டில் இப்போதைக்கு வரிசை இல்லை. கூட்டம் இங்கேயும் வந்து சேரும், வேறென்ன?

ஆனால் இது பணம் புரட்ட முடிந்தவனுக்கு மட்டும் திறந்த கதவு. ஈபி-2 வரிசையில் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு அப்படியே தொடர்கிறது. எதிர்வீட்டுக் கடப்பாக்காரருக்கு விற்க நிலம் இல்லை. அவர் மகன் மூன்று வயதில் இங்கே வந்தவன். 21 ஆனதும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவனாகப் படிக்கிறான்.