பெட்ஃபோர்ட், இங்கிலாந்து, ஆகஸ்ட்

ஆகஸ்ட் 2, சனி

சந்தை நாள். மதியம் வரை உட்கார இடமில்லை. எங்கள் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் பாட்டி, நோன்னா, மருத்துவமனையில்; அவர் இல்லாமல் மாவை நான்தான் பிசைந்தேன். நைசான கோதுமை ரவை, வெந்நீர், உப்பு, முட்டை கிடையாது. கயிறாகத் திரித்து, துண்டு போட்டு, மழுங்கிய கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்தால் சின்னக் காதுபோல் நிற்க வேண்டும். அதுதான் ஒரெக்கியெட்டே பாஸ்தா. என்னுடையவற்றில் பாதி, மிதிபட்ட பொத்தான்கள். "இதில் சாஸ் தங்காது" என்றார் நோன்னாவின் மகன். தங்காதுதான்.

ஆகஸ்ட் 4

நோன்னாவிடமிருந்து போன் வரவில்லை. தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்?

ஆகஸ்ட் 6, புதன்

கார்பொனாரா பாஸ்தாவில் கிரீம் சேர்க்கலாமாம். மகனின் யோசனை. "ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள்." கேட்கட்டுமே! மஞ்சள் கரு, பெக்கொரீனோ (செம்மறிப் பால் சீஸ்), பன்றிக் கன்னத்துக் கொழுப்பு, மிளகு என்று நான்கே பொருளில் நிற்கிற பண்டம் அது. கிரீம் கேட்டவர்களிடம் எதிர்த் தெருக் கடையைக் காட்டியவர் நோன்னா. இத்தனைக்கும் அவர் தெற்கு இத்தாலியின் பூலியாக்காரர். கார்பொனாரா ரோம் நகரத்துச் சமாச்சாரம். அடுத்த வீட்டு மானத்துக்குக்கூடச் சண்டை போடுவார். அவர் படுத்திருக்கும்போது இந்தப் பேச்சு வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அறுவை முடிந்த இடுப்பு எப்போது ஊன்றும் என்று மருத்துவர் சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை. மெனு அட்டைக்கு மட்டும் அச்சகத்தில் விலை கேட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 9

ஜன்னலோரப் பெரியவர் வந்தார். செங்கல் சூளைக்கென்று 1951 முதல் லண்டன் பிரிக் கம்பெனி தெற்கு இத்தாலியில் ஆள் எடுத்ததே, அந்தக் கூட்டத்தில் வந்தவர். நான்கு வருட ஒப்பந்தம்; அதுவரை வேறு வேலைக்குப் போக முடியாது. ஸ்டூவர்ட்பி சூளை 2008இல் மூடியபோது கூட அழவில்லையாம், 2021இல் புகைபோக்கிகளை வெடி வைத்துச் சாய்த்த அன்று அழுதாராம். தட்டில் பாதியை வைத்துவிட்டார். தட்டையானவற்றை மட்டும்.

ஆகஸ்ட் 15

ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலியர்களின் ஆகஸ்ட் பண்டிகை. கடைக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. கொல்லையில் பெட்டி பெட்டியாகத் தக்காளி. வேகவைத்து, தோலும் விதையும் போக அரைத்து, புட்டிக்கு ஒரு துளசி இலை (நம் துளசியில்லை, பாசிலிக்கோ), மூடி, டிரம்மில் கொதிக்கவிடுகிறோம். முழங்கை வரை சிவப்பு. மகன் பாடினார், நானும் பாடினேன். கிரீம் பேச்சே எழவில்லை. நல்ல மனிதர்தான்.

ஆகஸ்ட் 16

அச்சடித்த மெனு வந்துவிட்டது. நல்ல மனிதராம்!

ஆகஸ்ட் 19

நோன்னாவைப் போய்ப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். டப்பாவில் கொண்டுபோன ஒரெக்கியெட்டேயைப் போர்வைமேல் கொட்டி, தடித்தவற்றை ஒதுக்கினார். "தண்ணீர் அதிகம்." உடம்பு எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சிமே தி ராப்பாக் கீரை விதைத்தாகிவிட்டதா என்றுதான் கேட்டார். இந்த மாதம் மண்ணில் போட்டால்தான் குளிருக்குக் கீரை. மெனுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 20

விதைப் பொட்டலம் வீட்டில் இருக்கிறது என்கிறார் மகன். அடுக்களை, பரண், கொட்டகை, எல்லாம் பார்த்தாயிற்று. காபி டப்பாக்களில் அவரை விதை, வெள்ளரி விதை, பெயரில்லாத கறுப்பு விதைகள். கடுகு அளவில் இருப்பது இதுதானா? நாளை டப்பாவோடு மருத்துவமனைக்கே போகிறேன். பஸ் 9.40க்கு.