பக்கத்த வெட்டாதீங்க ப்ளீஸ்

பழைய மேகசின் சேர்க்குறேன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது அட்டைப்படத்த பத்திதான். அட்டை அழகுதான், அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1916ல இருந்து 1963 வரைக்கும் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்ங்கிற இதழுக்கு வரைஞ்சது மட்டுமே 300 அட்டைக்கு மேல, அத மட்டும் தேடித்தேடி வாங்குறவங்க இருக்காங்க. எனக்கு உள்பக்கம்தான் உசுரு, அதுவும் விளம்பரம்.

1950கள்ல வந்த லைஃப்ங்கிற அமெரிக்க வார இதழ் ஒண்ண விரிச்சா மடி பத்தாது, அவ்வளவு பெரிசு. ஒரு பக்கம் போர்க்கள போட்டோ, திருப்புனா பளபளன்னு ஃப்ரிட்ஜ், அதையும் திருப்புனா சிகரெட் விளம்பரம். அந்த வாரம் வீட்டுல உக்காந்து படிச்ச ஆளு இதே வரிசையிலதான பாத்திருப்பாங்க, அந்த வரிசை எந்த வரலாற்று புக்லயும் கிடைக்காது.

கோலியர்ஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க இதழ் 1952 மார்ச்ல ஆரம்பிச்ச விண்வெளி தொடர் இருக்கே, ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் ப்ரௌன் எல்லாம் எழுதி ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் படம் வரைஞ்சது, ராக்கெட், சுத்துற விண்வெளி நிலையம், நிலா பயணம்னு 1954 வரைக்கும் அப்பப்ப வந்துச்சு. மொத செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போனது 1957 அக்டோபர்ல, அதுக்குள்ள கோலியர்ஸே இல்ல, அந்த வருஷம் ஜனவரியோட நிறுத்திட்டாங்க. அத நெனச்சா இப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இப்படிப்பட்ட இதழ பிரிச்சு விளம்பரத்த தனித்தனியா வெட்டி ஃப்ரேம் போட விக்குறாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல. தாளா வித்தா காசு ஜாஸ்திங்கிறது புரியுது, ஆனா பிரிச்சது பிரிச்சதுதான், திரும்ப சேராது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி பக்க நம்பர் ஒண்ணு விடாம எண்ணுங்க, நடுப்பக்கம் ஸ்டேப்ளர் பின்னோட இறுக்கமா நிக்குதான்னு பாருங்க. ஒரு தடவ நான் எண்ணாம வாங்கிட்டு வந்து பாத்தா எதுக்காக வாங்குனேனோ அந்த கட்டுரையில ஒரு தாளே இல்ல.

வச்சுக்குறது பெரிய வேலை இல்ல. மரக்கூழ் பேப்பர்ல இருக்குற லிக்னின்ங்கிற பொருள் வெளிச்சம் பட்டா பழுப்பாகும், அதனால இருட்டா ஈரமில்லாத எடத்துல படுக்க வைங்க, ஈரம் இருந்தா பின்னு துருப்பிடிச்சு அந்த கறை தாள்ல எறங்கிடும். கவர் பாலியஸ்டர் பிளாஸ்டிக்ல வாங்குங்க, பிவிசி பிளாஸ்டிக் வேணாம். கிழிஞ்சா செல்லோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க, கொஞ்ச வருஷத்துல பசை பழுப்பாகி எழுத்தயே தின்னுடும்.

ஒரே ஒரு வெட்டுக்கு மட்டும் எனக்கு கோவம் வராது. கூப்பன் வெட்டு. எங்கிட்ட இருக்குற ஒரு இதழ்ல கடைசிக்கு முந்தின பக்கம் மூலையில சின்ன சதுரமா ஓட்டை, கத்திரி கோடு கொஞ்சம் கோணலா போயிருக்கு, யாரோ பேர் அட்ரஸ் எழுதி தபால்ல போட்டிருக்காங்க. விலை கொறைஞ்ச இதழ்தான், ஆனா அத யாருக்கும் குடுக்குறதா இல்ல.