எத்தனை கிலோ தூக்கும்?

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பொனட் ஷொக், அதாவது வண்டியின் பொனட்டைத் தூக்கித் தாங்கும் வாயுக் குழாய், வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நீளத்தைச் சாண் போட்டு அளப்பார்கள். தரையில் ஊன்றி அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு, "இது எத்தனை கிலோ தூக்கும்?" என்று கேட்பார்கள். கடைக்காரரும் வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொல்லிவைப்பார். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணை இருவருமே பார்ப்பதில்லை.

துலாவில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கோளாறு உடனே விளங்கும். துலாவில் கட்டிய கல் எவ்வளவு பாரம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. துலாவைத் தாங்கும் ஆடுகாலிலிருந்து அதை எவ்வளவு தள்ளிக் கட்டியிருக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

ஆமர் வீதிப் பக்கத்துக் கராஜில் எங்களிடம் வந்தது, வில்பத்துவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர். பொனட்டின் மேலேயே ஸ்பெயார் சக்கரம் படுத்திருக்கும் வண்டி. சாரதி அறுபது வயதைத் தாண்டியவர், தோள்வலிக்காரர். "ஒயில் பார்க்கவே ஆள் தேட வேண்டியிருக்கிறது, தம்பி" என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பின்கதவுக்கு மாற்றுவதுதான் சுலபம் என்று நான் சொன்னேன். முதலாளிக்கு அந்தத் தோற்றம் வேண்டுமாம்.

பொனட்டைக் கழற்றி நிறுக்கத் தேவையில்லை. மீன் கடையில் தொங்குமே, அந்த மாதிரித் தராசு ஒன்றை முன்விளிம்பில் கொளுவி, விரல் அளவு தூக்கிப் பார்த்தோம். 21 கிலோ காட்டியது. கீலிலிருந்து அந்த இடம் 1.1 மீட்டர். 21ஐ 9.8ஆலும் 1.1ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 226 நியூட்டன் மீட்டர். மூடியிருக்கும் பொனட் கீலைச் சுற்றிக் கீழ்நோக்கி இழுக்கும் திருப்புவிசை அதுதான். பாதி திறந்த நிலையில் அது 185 அளவுக்குக் குறைந்துவிடும்.

ஷொக் எங்கே நிற்கும் என்பதைக் கட்டைத் துண்டும் கயிறும் வைத்துப் பார்த்தோம். பாதி திறந்த நிலையில் கீலிலிருந்து ஷொக்கின் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 15 சென்ரிமீட்டர் வந்தது. 185ஐ 0.15ஆல் வகுத்தால் 1,230 சொச்சம் நியூட்டன். இரண்டு ஷொக்குக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 620க்குக் கொஞ்சம் குறைவு. 650 எடுத்தோம். மூடிய நிலையில் அந்தச் செங்குத்துத் தூரம் சற்றுக் குறைவதால் இரண்டும் சேர்ந்து 187 நியூட்டன் மீட்டர் தான் கொடுக்கும், 226ஐ வெல்லாது. ஆகவே பொனட் தன் பாரத்திலேயே மூடிக் கிடக்கும். திறக்கும்போது கைக்கு நாலு கிலோ அளவே தெரியும்.

எஞ்சின் சூட்டையும் விட்டுவிட முடியாது. உள்ளே இருப்பது நைதரசன் வாயு, சூடேறினால் அழுத்தம் கூடும். குழாயில் எழுதியிருக்கும் விசை 20 பாகை வெப்பத்துக்கு உரியது. வில்பத்துப் புழுதியில் ஓடிவந்து பொனட்டுக்குள் 70 பாகை ஏறினால் விசை 17 வீதம் கூடும். அப்போது 187 என்பது 219 ஆகிறது. இன்னமும் 226க்குக் கீழேதான். கிலோ கேட்டு வாங்குகிறவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஷொக்கின் முனைகளைப் பிடிக்கும் தாங்கிகளைப் பொருத்தும் வேலை. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அந்த வழக்கம் டிஃபெண்டரிலும் தொடர்ந்தது. 650 நியூட்டன் என்றால் ஒவ்வொரு தாங்கியிலும் ஓர் ஆள் ஏறி நிற்பது போல. வெறும் அலுமினியத் தகட்டில் போல்ட் போட்டால் சில மாதங்களில் ஓட்டை நீண்டுவிடும். உள்ளே இரும்புத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பினோம். இரும்பும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டால் கொழும்பின் உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும் என்பதால், நடுவில் பெயின்ட் அடித்து மெல்லிய றப்பரும் கொடுத்தோம்.

ஷொக்கைத் தண்டு கீழே பார்க்கும்படிதான் பூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்ச ஒயில் அப்போதுதான் வாயுவை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். தண்டைக் குறட்டால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், அதன் வழியே வாயு போய்விடும். ஜப்பான் ரீகண்டிஷன் கார்களின் பழைய டிக்கி ஷொக் மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தலைக்கு மேலே நிற்கும் பாரத்துக்குப் பூட்ட நான் சம்மதிப்பதில்லை.

பழைய முட்டுக் கம்பியைக் கழற்றிவிடச் சாரதி ஐயா கேட்டார். விடவில்லை. ஷொக் ஒன்று பலவீனமாகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டா ஆகும்?

வண்டியை எடுத்துப்போகும்போதுதான் முதலாளி, அடுத்த சீசனுக்குச் சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மாற்றினால் இந்த ஷொக்கையும் மாற்ற வேண்டும் என்றேன். சக்கரம் இல்லாவிட்டால் விளிம்பில் தராசு 6 கிலோ தான் காட்டும்; பூட்டைத் திறந்ததும் பொனட் முகத்தில் அடிக்கும், மூடி வைத்தாலும் நாள் முழுக்கப் பூட்டை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு 180 நியூட்டன் ஷொக் இரண்டு போதும். அந்த எண்ணைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.