டிங்கரிங் கற்றது: பட்டாளத்தில் பாதி, தர்மபுரியில் பாதி

பட்டாளத்தில் நான் இ.எம்.இ., அதாவது ராணுவ வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பிரிவு. செகந்திராபாத்தில் பயிற்சி. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் அங்கே பழகினேன். இடிபட்ட தகட்டை நிமிர்த்தும் டிங்கரிங் என் வேலையே இல்லை. ஜம்மு பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது ஒரு ஜிப்சி ஜீப்பைத் திருப்பும்போது கேட் தூணில் மட்கார்டை முட்டிவிட்டேன். இடித்தவனே எடுக்கட்டும் என்று உஸ்தாத் சுத்தியலையும், தகட்டுக்குப் பின்னால் அண்டை கொடுக்கும் டாலி என்ற இரும்புக் கட்டியையும் கையில் திணித்துவிட்டார். சொல்லிக்கொடுக்கும் ஹவில்தாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

பள்ளத்தைப் பார்த்ததும் நடுவில் அடிக்கத்தான் கை போகும். நானும் அடித்தேன். தகடு நீண்டுபோய், அமுக்கினால் டப்பா மூடி மாதிரி 'டொக் டொக்' என்றது. கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டுமாம். உள்பக்கம் டாலியைக் கொடுத்து, பள்ளத்தைச் சுற்றி மேடாக நிற்கும் வரம்பை லேசாகத் தட்டித் தட்டி இறக்கினால் நடுப்பகுதி தானாக எழும்பி வரும். நீண்டுபோன இடத்தை ஒரு ரூபாய் அகலத்துக்கு கேஸில் சிவக்கச் சுட்டு, தட்டி, ஈரத்துணி வைத்துச் சுருக்கினோம். மூன்று நாள் ஆனது. பச்சை பெயிண்ட் அடித்ததும் அப்படியே புது வண்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்போடு அறுபது நாள் லீவில் ஊருக்கு வந்து, தர்மபுரியில் சேலம் ரோட்டு ஷெட் ஒன்றில் தெரிந்த அண்ணனிடம் நின்றேன். அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. டீசல் மிச்சம் என்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் இறங்கி முட்டிக்கொள்கிறவர்கள் இருக்கும்வரை இருக்காது. எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக் காரின் கதவு. முடித்தேன். ஓனர் வந்து குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். கதவில் தெரிந்த டியூப் லைட் பாம்பு மாதிரி நெளிந்தது. பட்டாளத்துப் பச்சையில் பளபளப்பே கிடையாது, மேடு பள்ளமெல்லாம் மறைந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கண்ணுல பாக்காதப்பா, கையில பாரு" என்றார் அண்ணன். உள்ளங்கைக்கு அடியில் மெல்லிய துணியை வைத்துத் தடவினால் கண்ணுக்குப் படாத அலைகூடத் தட்டுப்படும். உப்புத்தாளை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியிலும் மாட்டிக்கொண்டேன். ஜம்மு குளிரில் பட்டி இறுகவே இறுகாது, அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூடுதலாகப் போட்டுப் பழக்கம். மே மாத தர்மபுரியில் அதே அளவைக் கலந்தேன். தேய்ப்பதற்குள் கரண்டியிலேயே கல்லாகிவிட்டது. இன்னொரு தடவை எப்படியோ அவசரமாக இழுத்துவிட்டேன், ஆனால் ஹார்டனர் மிஞ்சியதால் வெள்ளை பெயிண்டுக்கு மேலே மஞ்சள் கறை கிளம்பியது. சுரண்டி எடுத்து மறுபடி அடித்தோம். அண்ணன் திட்டவில்லை, பெயிண்ட் காசை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அடுத்தடுத்த லீவிலும் அங்கேதான் போய் நின்றேன். வீட்டில் கோபம்தான், லீவுக்கு வந்தவன் ராத்திரி பட்டித்தூளோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வராது? சேஸ், அதாவது அடிச்சட்டம், வளைந்த வண்டிகளை மட்டும் இன்றுவரை நான் தொடுவதில்லை.

மூன்றாவது லீவு முடிந்து கிளம்பும்போது, பழைய லாரி ஆக்ஸில் துண்டைத் தேய்த்துச் செய்த டாலி ஒன்றை அண்ணன் கொடுத்தார். டிரங்குப் பெட்டியில் போட்டு எடுத்துப்போனேன். உஸ்தாத் அதை வாங்கி, கையில் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். அப்புறம் தன் டூல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.